மாவு மூட்டையும் பாட்டு உரிமையும்

சென்ற இதழில் அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ (கிராமியச் சாயல் கொண்ட இசை) பாடகி டாலி பார்ட்டன் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. ‘டென்னசி மலைக்காட்டில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, பாட்டெழுதியே பெரும் பணக்காரர் ஆனவர்’ என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் முழுக்க.

? அமெரிக்காவில் வறுமை என்றால் என்ன, பழைய கார் வைத்திருப்பதா?
*வாசகர், பொள்ளாச்சி*

குசும்பு புரிகிறது. ஆனால் இது 1946. இடம் செவியர் மாவட்டம், ஸ்மோக்கி மலைத்தொடரின் அடிவாரம். ஜனவரி 19 அன்று லிட்டில் பிஜன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மரக்குடிலில் டாலி பிறந்தார். பிரசவம் பார்த்தவர் ராபர்ட் தாமஸ் என்ற மிஷன் டாக்டர். அவருக்குக் கூலியாகப் போனது ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. கொடுக்கக் காசு இல்லை, அவ்வளவுதான்.

அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் வாரத்துக்கு உழுதவர். நம் ஊர் வார சாகுபடி மாதிரியேதான். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பங்கு. பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். இடையிடையே கட்டட வேலைக்கும் போனார். கையில் காசு பார்க்க அந்தப் பகுதியில் இருந்த பயிர் புகையிலை. அங்கே போடும் பர்லி ரகத்தைச் செடியோடு அறுத்து, கொட்டகை விட்டத்தில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு, காற்றிலேயே உலர்த்தி, குளிர்காலத்தில் ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆக, பணம் என்பது வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. மீதி நாளெல்லாம் சோளம், பீன்ஸ், பன்றி, கோழி என்று வீட்டைச் சுற்றி விளைந்ததும் வளர்ந்ததும்தான் சாப்பாடு. டாக்டருக்கு மாவு கொடுத்ததை வெறும் உருக்கமான கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குடும்பத்திடம் இருந்த ‘நாணயம்’ அதுதான்.

வீட்டில் மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீரும் இல்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக் கடைசிக் கேள்விகளில் ஒன்றுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

? மின்சாரமே இல்லாத வீட்டுக்குள் பாட்டு எப்படி நுழைந்தது?
*வாசகி, சின்னமனூர்*

மூன்று வாசல் வழியாக.

முதல் வாசல் அம்மா, ஏவி லீ. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாட்டுகள் அந்த மலையில் வாய்வழியாகவே நின்றவை. கொலை, ஏமாற்றுக் காதல், செத்துப்போன குழந்தை என்று எல்லாமே சோகம். அடுப்படியில் அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பின்னால் எழுதிய பாட்டுகளில் ஏன் இத்தனை சாவு என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, அம்மாவின் அப்பா ஜேக் ஓவன்ஸ். பெந்தெகொஸ்தே போதகர், பிடில் வாசிப்பவர். அவருடைய சபையில் கூச்சப்படாமல் குரலெடுத்துப் பாடலாம், கை தட்டலாம். கூட்டத்துக்கு முன் நின்று பாடும் பழக்கம் டாலிக்கு அங்கே வந்தது.

மூன்றாவது ரேடியோ. கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்தில் இருந்த டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 650 கிலோஹெர்ட்ஸில், 50,000 வாட் சக்தியில் ஒலிபரப்பியது. மத்திய அலை பகலில் தரையோடு ஊர்ந்து போய்த் தேய்ந்துவிடும். இருட்டிய பிறகு வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். சனிக்கிழமை ராத்திரி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற நேரடி நிகழ்ச்சியை மலை வீடுகளில் பேட்டரி ரேடியோவில் கேட்க முடிந்தது இதனால்தான். சத்தம் தேய்ந்தால், எர்த் கம்பி புதைத்த இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். மண் ஈரமானால் கம்பிக்குத் தரைத்தொடர்பு நன்றாகக் கிடைக்கும், நிலையம் தெளியும்.

டாலி முதலில் மீட்டியது ஒரு பழைய மாண்டலின். அதில் கிட்டாரின் தடித்த நரம்புகள் இரண்டை மட்டும் கட்டியிருந்தார்கள். ஐந்து வயது வாக்கில் அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதிவைத்த முதல் பாட்டு, சோளக்கதிரின் சக்கையில் செய்த பொம்மையைப் பற்றியது. எட்டு வயதில் நிஜ கிட்டார் கைக்கு வந்தது. வாங்கிக் கொடுத்தவர் தாய்மாமா. அமெரிக்காவிலும் சீர் கொண்டுவருவது தாய்மாமா வேலைதான் போலிருக்கிறது. அடுத்து நடந்த பலவற்றிலும் பில் ஓவன்ஸ் என்ற தாய்மாமா ஒருவர் கூடவே வருவார்.

? பதின்மூன்று வயதிலேயே அந்தப் பெரிய மேடையில் பாடிவிட்டாராமே. அப்புறம் என்ன கஷ்டம்?
*வாசகர், திருநெல்வேலி*

அப்புறம்தான் கஷ்டமே. வரிசையாகப் பாருங்கள்.

10 வயதில் நாக்ஸ்வில் நகரத்துக்குப் போய், கேஸ் வாக்கர் என்ற மளிகைக்கடைச் சங்கிலி முதலாளி நடத்திய ரேடியோ, டி.வி. நிகழ்ச்சிகளில் பாடத் தொடங்கினார். கடை விளம்பரத்துக்கான நிகழ்ச்சிதான். ஆனால் வாரா வாரம் மைக் முன்னால் நிற்கும் பயிற்சி கிடைத்தது. 1959-ல் பாட்டியோடு பஸ் ஏறி, ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, லூசியானாவின் லேக் சார்ல்ஸில் இருந்த கோல்ட்பேண்ட் என்ற சிறு கம்பெனியில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதே ஆண்டு ஆப்ரி மேடை. அறிமுகம் செய்தவர் கன்ட்ரி நட்சத்திரம் ஜானி கேஷ்.

இசைத்தட்டு எடுபடவில்லை. 1962-ல் மெர்க்குரி கம்பெனிக்கு இன்னொன்று. அதுவும் ஓடவில்லை. ஏன்? சின்னக் கம்பெனி தட்டு அழுத்தித் தரும், அவ்வளவுதான். அதை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பி, அறிவிப்பாளர்களிடம் பேசி, ஊர் ஊராகக் கடைகளில் சேர்க்க ஆளும் பணமும் தனியாக வேண்டும். பெரிய கம்பெனியில் அந்த ஆட்கள் உண்டு. ஆனால் புதுசாக வந்த சின்னப் பெண்ணின் தட்டு அவர்களுடைய பட்டியலில் கடைசியில் இருக்கும்.

1964-ல் பள்ளி இறுதி வகுப்பு முடித்தார். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் முடித்ததில்லை. மறுநாளே 300 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும் நாஷ்வில்லுக்கு பஸ். போய் இறங்கிய அன்று அழுக்குத் துணி துவைக்க லாண்டரிக்குப் போன இடத்தில்தான் கார்ல் டீனைப் பார்த்தார். 1966-ல் திருமணம். கார்ல் 2025 மார்ச்சில் இறக்கும்வரை அந்தத் தாம்பத்தியம் நீடித்தது. ஒரு மூட்டைத் துணி எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது.

நாஷ்வில்லில் பாட்டெழுத்தாளர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. பதிப்பு நிறுவனம் வாரா வாரம் ஒரு சிறு தொகை கொடுக்கும். சம்பளம் என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுவார்கள். அது முன்பணம். பாட்டு சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தத் தொகை முழுக்கக் கழித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் கைக்கு வரும். டாலியும் அப்படித்தான் தொடங்கினார். இசைத்தட்டுக்கு ஒப்பந்தம் போட்ட மான்யுமென்ட் கம்பெனியோ, இவருடைய மெல்லிய உச்சக் குரல் கன்ட்ரிக்குச் சரிப்படாது என்று பாப் பாட வைத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

பூட்டு திறந்தது பாட்டெழுத்தால். 1966-ல் டாலியும் மாமாவும் எழுதிய ஒரு பாட்டை பில் ஃபிலிப்ஸ் என்ற பாடகர் பாடினார். கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. பின்னணியில் கூடப் பாடிய பெண்குரல் டாலியுடையது, தட்டில் பெயர் இல்லை. ‘யாரய்யா அந்தப் பொண்ணு’ என்று ரேடியோக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனி வழிக்கு வந்து கன்ட்ரி பாட விட்டது. 1967-ல் முதல் கன்ட்ரி வெற்றி. அதே ஆண்டு போர்ட்டர் வேகனர் என்ற கன்ட்ரி பாடகர் தன் டி.வி. நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொண்டார்.

மேடை ஏறியது 13 வயதில், பெயர் தெரிந்தது 21 வயதில். நடுவில் எட்டு வருடம். குறிப்பில் அரை வரியில் தாண்டிப்போன எட்டு வருடம் அது, எங்கள் தப்புதான்.

? ஒட்டுத்துணிக் கோட்டு பற்றிய பாட்டு நிஜமா, கற்பனையா?
*தையல் வேலை செய்யும் வாசகி, ஈரோடு*

நிஜம். அம்மா ஒட்டுப்போர்வை தைக்க வைத்திருந்த துண்டுத் துணிகளை இணைத்து மகளுக்குக் கோட்டு தைத்தார். தைக்கும்போதே பைபிளில் வரும் யோசேப்பின் பல வர்ண அங்கிக் கதையைச் சொல்லிக்கொண்டே தைத்தார். பிள்ளை ராஜகுமாரி மாதிரி பள்ளிக்கூடம் போனது. அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டு எழுதியது 1969-ல், சுற்றுப்பயண பஸ்ஸில். காகிதம் கிடைக்கவில்லை. போர்ட்டர் வேகனரின் ஜிகினா கோட்டுகளை உலர்சலவைக்குப் போட்ட ரசீது ஒன்று கையில் அகப்பட, அதன் மேல் எழுதினார். 1971-ல் வெளியாகி கன்ட்ரி பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. கிழிசலைப் பற்றிய பாட்டு, ஜிகினாவுக்கான ரசீதில்.

இந்தப் பாட்டில் ‘நாங்கள் பரம ஏழைகள்’ என்று ஒப்பாரி வைக்காததுதான் சூட்சுமம் என்பது எங்கள் அபிப்பிராயம். துணியும் ஊசியும் தையலும் வருகின்றன. கேட்பவர் மிச்சத்தைத் தானே தைத்துக்கொள்கிறார்.

? எல்விஸ் பிரெஸ்லி பாடக் கேட்டும் பாட்டைக் கொடுக்கவில்லையாமே. திமிரா, புத்திசாலித்தனமா? பாட்டு உரிமை என்பது உண்மையில் எப்படி வேலை செய்கிறது?
*பாட்டெழுத முயலும் இளைஞர், சென்னை*

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

ஒரு இசைத்தட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, பதிவான ஒலி. அது பெரும்பாலும் கம்பெனியுடையது. இன்னொன்று பாட்டு, அதாவது வரியும் மெட்டும். யார் பாடினாலும், எத்தனை பேர் பாடினாலும் அது எழுதியவர் பக்கம். பாட்டின் வருமானத்தை வழக்கமாக இரண்டாகப் பிரிப்பார்கள். பாதி எழுத்தாளர் பங்கு, பாதி பதிப்பாளர் பங்கு. பதிப்பாளர் செய்யும் வேலை: பாட்டைப் பதிவு செய்துவைப்பது, மாதிரிப் பதிவை நாடாவில் எடுத்துப் பாடகர்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டுவது, பணம் வசூலிப்பது. அந்த வேலையை நீங்களே ஒரு நிறுவனம் வைத்துச் செய்தால் இரண்டு பாதியும் உங்களுக்கே. டாலி 1966-லேயே மாமாவோடு சேர்ந்து ‘ஓ-பார்’ என்று பதிப்பு நிறுவனம் தொடங்கினார். ஓவன்ஸில் பாதி, பார்ட்டனில் பாதி. அப்போது அவருக்கு வயது 20. பெரிய வெற்றி என்று சொல்ல ஒரு பாட்டுதான் இருந்தது.

பணம் வரும் வழிகள் முக்கியமாக மூன்று. தட்டு ஒவ்வொன்றும் விற்கும்போது சட்டம் நிர்ணயித்த தொகை. அமெரிக்காவில் 1909 முதல் 1977 வரை அது ஒரு பாட்டுக்கு வெறும் 2 சென்ட். 1992-ல் 6.25 சென்ட். அடுத்தது ரேடியோ, டி.வி., மேடை. இதை பி.எம்.ஐ., ஆஸ்கேப் போன்ற சங்கங்கள் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். மூன்றாவது, சினிமாவிலும் விளம்பரத்திலும் பயன்படுத்த அனுமதிக் கட்டணம். இதற்கு நிர்ணய விலை கிடையாது, பேசிக்கொள்வதுதான். பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காசு உண்டு, பாடியவருக்குக் கிடையாது.

இப்போது எல்விஸ் கதை. போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியிலிருந்து பிரிய நினைத்தபோது அவரிடம் விடைபெறும் விதமாக டாலி எழுதிய பாட்டு ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. 1974-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. எல்விஸ் பதிவு செய்ய ஆசைப்பட்டார். டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை வைத்தார்: பதிப்பு உரிமையில் பாதி எங்களுக்கு. டாலி மறுத்தார். மறுத்துவிட்டு ராத்திரி முழுக்க அழுததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், நிர்ணயத் தொகையைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம் என்பது அமெரிக்கச் சட்டம். எழுதியவரின் அனுமதியே தேவையில்லை. ஆக, எல்விஸ் தாராளமாகப் பாடியிருக்க முடியும். பங்கு இல்லாத பாட்டைத் தன் ஆள் பாடக் கூடாது என்பது பார்க்கரின் வியாபார முறை. சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய நட்சத்திரம் பாடினால் தட்டு விற்கும் என்பதால் நிறைய எழுத்தாளர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைய விகிதத்தில் கணக்குப் போட்டால் ஆசை எங்கே ஏமாற்றும் என்பது தெரியும். பத்து லட்சம் தட்டு விற்றால் 2 சென்ட் வீதம் 20,000 டாலர். எழுத்தாளர் பாதி 10,000, பதிப்பாளர் பாதி 10,000. அதில் பாதி, அதாவது 5,000 டாலர்தான் பார்க்கர் கேட்டது. எல்விஸ் பாட 5,000 டாலர் விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் அந்தப் பங்கு எல்விஸ் தட்டோடு நிற்காது. இனி அந்தப் பாட்டை யார் பாடினாலும், காப்புரிமை உள்ளவரை, கழிந்துகொண்டே இருக்கும்.

1992-ல் விட்னி ஹூஸ்டன் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக அதே பாட்டைப் பாடினார். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். படத்தின் இசைத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. சட்டம் சொன்ன முழு 6.25 சென்ட்டையும் வைத்துப் பெருக்கினால், 1 கோடியே 70 லட்சம் பிரதிக்கு 10,62,500 டாலர். தனியாக விற்ற ஒற்றைத் தட்டு, வெளிநாடு, ரேடியோ எதுவும் இதில் சேரவில்லை. பார்க்கர் கேட்ட கால் பங்கு கைமாறியிருந்தால் இந்த ஒரு கணக்கில் மட்டும் 2,65,625 டாலர் போயிருக்கும். அந்தப் பாட்டின் வருமானத்தில் நாஷ்வில்லில் கட்டடம் வாங்கிப் போட்டதாக டாலி சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். முன்பணம் எந்த வருமானத்திலிருந்து, எந்த வரிசையில் கழியும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கூட எழுதியவர் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஹிட்டான பிறகு நினைவு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சங்கத்தில் பாட்டைப் பதிவு செய்யாமல் விட்டால் வசூலான பணம் உங்களைத் தேடி வராது. ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் பேனாவை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

? இங்கே பாடலாசிரியருக்கு அப்படி ஏதாவது பாதுகாப்பு உண்டா?
*வாசகர், திருச்சி*

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உண்டு. சினிமாவுக்காக எழுதிய பாட்டானாலும், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. கொடுத்தாலும் செல்லாது. அவர்களுடைய சட்டப்படியான வாரிசுகளுக்கும் வசூல் சங்கத்துக்கும் மட்டும் விதிவிலக்கு. வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். அதில் உறுப்பினராகாமல் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது.

? போர்ட்டர் வேகனர்தானே வளர்த்துவிட்டவர்? ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தது சரியா?
*வாசகர், தஞ்சாவூர்*

வளர்த்தது உண்மை. 1967-ல் டாலி சேர்ந்தபோது, முன்பு அந்த இடத்தில் பாடிய நார்மா ஜீனைக் கேட்டுப் பார்வையாளர்கள் கத்தினார்கள். வேகனர் தானும் சேர்ந்து ஜோடிப்பாட்டு பாடிக் கூட்டத்தைப் பழக்கினார். ஆர்.சி.ஏ. என்ற இசைத்தட்டுக் கம்பெனி டாலியை எடுக்கத் தயங்கியபோது, நஷ்டம் வந்தால் என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் ஐந்து வருடம் என்று பேசி வந்த இடத்தில் ஏழு வருடம் ஆகிவிட்டது. எந்தப் பாட்டு, எப்படிப் பாடுவது என்பதில் வேகனர் சொல்தான் கடைசிச் சொல். வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை என்றாகி, விடைபெறும் பாட்டை எழுதிக்கொண்டுபோய் அவர் அறையில் பாடிக்காட்டினார். வேகனர் அழுதுவிட்டு, போகலாம், ஆனால் அந்தத் தட்டை நான்தான் தயாரிப்பேன் என்றாராம். 1974-ல் பிரிந்தார்கள். 1979-ல் வேகனர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. பின்னால் ராசியானார்கள். அழுதவரே வழக்கும் போட்டார் என்பதால், ஏணி உவமை இங்கே முழுசாகப் பொருந்தவில்லை.

பிரிந்ததன் பலன் 1977-ல் தெரிந்தது. வேறு இருவர் எழுதிய பாப் சாயல் பாட்டு ஒன்றைப் பாடி, பொதுப் பட்டியலில் 3-ஆம் இடத்துக்குப் போனார். கன்ட்ரி ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று அதில் கன்ட்ரியின் அடையாளமான ஸ்டீல் கிட்டார் ஒன்றைச் சேர்க்கச் சொன்னது டாலிதான். ஒரு வாத்தியம், இரண்டு சந்தை.

? நீள நகத்தோடு கிட்டார் எப்படி?
*வாசகி, புதுச்சேரி*

நரம்பைத் தனித்தனியாக விரல்நுனியால் அழுத்த நகம் விடாது. ஆகவே நரம்புகளை முதலிலேயே ஒரு முழுக் கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டாக) சுருதி சேர்த்துவிட்டு, ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து நகர்த்துவார். ‘9 டு 5’ பாட்டு எழுதும்போது அந்த நகங்களையே உரசித் தட்டி டைப்ரைட்டர் தாளம் போட்டார். பதிவிலும் அந்தச் சத்தம் இருக்கிறது.

? சம்பாதித்த பிறகு சொந்த ஊரை நினைத்தாரா?
*ஆசிரியை, தருமபுரி*

1986-ல் சொந்த மாவட்டத்திலேயே, பிஜன் ஃபோர்ஜ் ஊரில் ‘டாலிவுட்’ திறந்தது. வெறும் நிலத்தில் கட்டியதல்ல அது. 1961-ல் ஒரு நீராவி ரயிலோடு தொடங்கி, பெயரும் கைகளும் மாறி மாறி வந்த பூங்கா. நடத்திக்கொண்டிருந்த ஹெர்ஷெண்ட் குடும்பத்தோடு டாலி கூட்டாளியானார். ராட்டினம் ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்ட, இவர் பெயரையும் பாட்டையும் கொண்டுவந்தார். உள்ளே அவர் வளர்ந்த மரக்குடிலின் நகலும் இருக்கிறது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்று. 1990 வாக்கில் அந்த மாவட்டத்தில் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள் அதிகம். டாலி 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். ஜோடியில் இரண்டு பேரும் பள்ளி இறுதி முடித்தால் ஆளுக்கு 500 டாலர். ஒருவர் நின்றால் இருவருக்கும் இல்லை. அந்த இரண்டு வகுப்புகளிலும் இடைநிற்றல் 35 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது என்று அவருடைய அறக்கட்டளை சொல்கிறது. பரிசைவிட ஜோடி சேர்த்ததுதான் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறோம். வீட்டில் தூங்கும் கூட்டாளியைப் போய் எழுப்ப ஒரு ஆள் கிடைத்துவிட்டதே.

1995-ல் புத்தகத் திட்டம். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயரிலேயே தபாலில் வீட்டுக்கு வரும். முழுக்க வாங்கினால் ஒரு குழந்தைக்கு 60 புத்தகம். குடும்பத்துக்குச் செலவில்லை. உள்ளூர் அமைப்பு ஒன்று புத்தகத்துக்கும் தபாலுக்கும் பணம் திரட்டும். தேர்வும் அச்சும் விநியோகமும் அறக்கட்டளையின் பொறுப்பு. இந்தத் திட்டம் எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்காகத் தொடங்கியது. செவியர் மாவட்டத்தில் ஆரம்பித்து, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பரவி, 2023-ல் 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டியது. அப்பா 2000-ல் இறந்தார். ஊர்ப்பிள்ளைகள் தன் மகளைப் ‘புத்தகக்காரம்மா’ என்று கூப்பிட்டதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போனார்.

? டாலியின் ‘ஜோலீன்’ பாட்டைக் கிட்டாரில் பழகுகிறேன். கார்டு சரியாக இருக்கிறது, ஆனால் அந்த ஓட்டம் வரவில்லை. எங்கே தப்பு?
*மாணவி, மதுரை*

பெரும்பாலும் கட்டைவிரலில். அசல் பதிவில் சிப் யங் வாசித்ததைக் கேளுங்கள். மேலும் கீழும் வீசும் ஸ்ட்ரம்மிங் அல்ல, விரலால் பறித்து வாசிப்பது.

கேப்போவை (எல்லா நரம்புகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) நான்காம் கட்டில் போடுங்கள். கட்டுக் கம்பியை ஒட்டி, அதன் பின்பக்கம் இருக்க வேண்டும். நடுவில் போட்டால் நரம்பு கிர்ரென்று அதிரும், சுருதியும் ஏறும். பிறகு ஏ மைனர், சி, ஜி வடிவங்கள். கேப்போவால் அவை முறையே சி ஷார்ப் மைனர், ஈ, பி ஆக ஒலிக்கும். பல்லவியில் பெயரை நான்கு தடவை கூப்பிடும் இடத்தில் ஏ மைனர், சி, ஜி, மறுபடி ஏ மைனர்.

இப்போது வலது கை. கட்டைவிரல் கடிகாரம் மாதிரி மாறி மாறி இரண்டு நரம்பில் விழ வேண்டும். ஏ மைனருக்கும் சி-க்கும் 5, 4-ஆம் நரம்புகள். ஜி-க்கு 6, 4. சுட்டுவிரலும் நடுவிரலும் 3, 2-ஆம் நரம்புகளில் கட்டைவிரலின் இடைவெளிகளுக்குள் நுழையும். உங்களுக்குத் தடுமாறுவது ஜி மாறும் இடத்தில்தான் என்று பந்தயம் கட்டலாம். அங்கே கட்டைவிரல் ஐந்திலிருந்து ஆறுக்குத் தாவ வேண்டும், தாளம் அரை நொடி நொண்டும். மூன்று நாளைக்கு இடது கையை மறந்துவிட்டு, கட்டைவிரலை மட்டும் 5-4-5-4, 6-4-6-4 என்று மெட்ரோனோமில் 60-ல் ஓட்டுங்கள். பிறகு விரல்களைச் சேருங்கள். வேகத்தை ஐந்தைந்தாக ஏற்றி 110 வரை கொண்டுவந்தால் பதிவின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

குரல் எட்டவில்லை என்றால் கேப்போவை இரண்டாம் கட்டுக்கு இறக்குங்கள், இல்லை கழற்றியே விடுங்கள். விரல் வடிவம் எதுவும் மாறாது. இணையத்தில் ஆண்குரல் மாதிரி கனமாக ஒலிக்கும் ‘ஜோலீன்’ ஒன்று சுற்றுகிறதே, அதைப் பார்த்துச் சுருதி வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33 சுற்றில் ஓடவிட்ட பதிவு அது. வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்து, சுருதி ஐந்து அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கியிருக்கும். அந்த ‘சற்று’ காரணமாக, எந்தக் கட்டில் கேப்போ போட்டாலும் உங்கள் கிட்டாரோடு அது சேராது.